தகிடவை விழுங்கும் கட்டம்: வீட்டில் இசையமைப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் தைப்பூசம் நெருங்கினால் உறுமி மேளக் குழுக்களின் ஒத்திகை மாலைதோறும் கேட்கும். அக்குழுக்களில் வாசிக்கும் இளைஞர் சிலர் இப்போது ஒரு மடிக்கணினியும் சிறிய கீபோர்டும் வைத்துக்கொண்டு வீட்டிலேயே பாட்டு அமைக்கிறார்கள். அவர்களுக்கு உதவப் போனபோது நான் கண்ட தவறுகளில் பல, முதல் அடி விழுவதற்கு முன்பே நேர்ந்துவிடுபவை.

சுரங்களையும் அடிகளையும் பதிந்து அடுக்கும் சீக்வென்சர் மென்பொருளைத் திறந்ததும் பெரும்பாலும் நிமிடத்துக்கு 120 அடி என்ற வேகமும் நாலுக்கு நாலு தாளமும், ஓர் அடியை நான்காகப் பிரிக்கும் கட்டமும் தயாராக நிற்கும். அதை மாற்றாமல், ஓர் அடியை மூன்றாகப் பிரிக்கும் திஸ்ர நடையில் வாசித்துவிட்டு, வாசித்ததை அருகிலுள்ள கட்டக் கோட்டுக்கு இழுக்கும் குவாண்டைஸ் பொத்தானை அழுத்துவதுதான் நான் அதிகம் பார்த்த பிழை. அந்த வேகத்தில் ஓர் அடி 500 மில்லி விநாடி. ஆகவே 'தகிட'வின் மூன்று சொற்களும் 0, 167, 333 ஆகிய இடங்களில் விழ வேண்டும். கட்டத்தின் கோடுகளோ 0, 125, 250, 375 என்று இருப்பதால், 'கி' 125க்கும் 'ட' 375க்கும் இழுக்கப்பட்டு, நடுச்சொல் மற்ற இரண்டைவிட இருமடங்கு நீண்டுவிடுகிறது. "அண்ணே, நான் இப்படி அடிக்கவே இல்லையே" என்று ஒரு தம்பி திகைத்தார். அவர் கையில் குற்றமே இல்லை. வாசிக்கும் முன்பே மும்மைக் கட்டத்தையோ ஆறுக்கு எட்டையோ தேர்ந்துகொள்ள வேண்டும். குவாண்டைஸையும் முழு அளவில் விடாமல் பாதியளவில் நிறுத்தினால் கையின் இயல்பு கொஞ்சம் மிஞ்சும்.

தாமதம் அடுத்த சிக்கல். விநாடிக்கு 44,100 ஒலி மாதிரிகள் என்ற வீதத்தில், கணினி ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் பஃபர் 1,024 மாதிரிகள் என்று இருந்தால், அதனால் மட்டுமே 23 மில்லி விநாடி கழிகிறது. ஒலி பிந்தி வருவதால் கை தானாக முந்துகிறது. பதிவின்போது 128க்குக் குறைத்து, கலவையின்போது உயர்த்திக்கொள்ளலாம்.

மவுஸால் வரையும் அடிகள் எல்லாம் ஒரே அழுத்தத்தில் விழுவதையும் கவனிக்க வேண்டும். கீபோர்டும் கணினியும் பேசிக்கொள்ளும் முறையான மிடியில் அழுத்தம் 127 வரை செல்லும். அத்தனை இடம் இருக்க, எல்லாவற்றையும் 100இல் நிறுத்துவது தகரத்தைத் தட்டியதுபோல் ஆகிவிடும். நாதஸ்வரக் கமகத்துக்கோ வழக்கமாக அமைந்திருக்கும் இரண்டு அரைச்சுர வளைவு பல இடங்களில் போதாது. அந்த வரம்பை ஒலிக்கருவியின் அமைப்பிலேயே கூட்ட வேண்டும். கீபோர்டில் சுரத்தை வளைக்கும் சக்கரத்தை எவ்வளவு வேகமாகத் திருப்பினாலும் அந்த வரம்பு அதிகரிக்காது.

பாடலை நண்பருக்கு அனுப்பும்போது மிடி கோப்பை மட்டும் அனுப்புவோர் உண்டு. 1983இல் வந்த அந்த முறை எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு அழுத்தம் என்ற கட்டளைகளையே சுமக்கிறது, ஒலியை அன்று. நீங்கள் தவில் என்று அனுப்பியது அங்கே பியானோவாகக் கேட்கலாம். ஒவ்வொரு தடத்தையும் ஒலியையே சுமக்கும் வேவ் கோப்பாக மாற்றி, முதல் அடியிலிருந்தே தொடங்குமாறு அனுப்ப வேண்டும்.

குரல் பதிவைப் பிற்பகலில் வைத்துக்கொள்வதும் இங்கே தவறுதான். தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டால் எந்த வடிகட்டியும் அதை முழுமையாக நீக்காது. இடியோடு மின்சாரமும் போனால், சேமிக்காத வேலையும் கூடவே போய்விடும். இரவு பத்து மணிக்கு மேல், மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பாடச் சொல்லுங்கள். வியர்க்கத்தான் செய்யும்.