பத்து மீட்டர் துப்பாக்கிப் போட்டியைப் பார்வையாளர் கண்ணுக்குக் கொண்டுவருவது எப்படி?

ஏர் ரைஃபிள் இலக்கு அட்டையின் நடுவில் இருக்கும் பத்துப் புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். அதில் பாயும் பெல்லட் 4.5 மி.மீ. சுடுபவருக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் அம்மா அப்பாவுக்குத் தூரத்தில் ஒரு கறுப்புப் பொட்டு தெரியும், அவ்வளவுதான். 'டப்' என்று கேட்கும், பிள்ளை துப்பாக்கியை இறக்கும், ஒன்பதா பத்தா என்று யாருக்கும் தெரியாது. 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா கடைசிக் குண்டில் 10.8 அடித்தபோது அரங்குக்கு உடனே புரிந்தது, எலக்ட்ரானிக் டார்கெட் அந்த எண்ணைத் திரையில் காட்டியதால்தான். காகித அட்டையில் நடக்கும் கிளப், மாவட்டப் போட்டிகளுக்கு அந்த வசதி இல்லை. ஆனால் துளையைக் காட்ட ஒரு சிசிடிவி கேமரா போதும்.

கையில் இருக்கும் பணத்தை முதலில் அட்டைக் கேமராவில் போடுங்கள். கூட்டத்தையும் மேடையையும் எடுக்கும் நல்ல கேமரா பிறகு வரலாம். துளை தெரியாத ஒளிபரப்பை யாரும் பத்து நிமிடத்துக்கு மேல் பார்ப்பதில்லை.

எட்டு லேனுக்கு (ஒருவர் நின்று சுடும் தடம்தான் லேன்) தேவையானவை: இரண்டு மெகாபிக்சல் ஐபி கேமரா எட்டு (பிஓஇ வசதியோடு), எட்டு பிஓஇ போர்ட்டும் இரண்டு சாதாரண போர்ட்டும் உள்ள நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்று, கேட்-6 கேபிள், சுமாரான லேப்டாப், 43 அங்குல டிவி, எல்லாப் படத்தையும் சேர்த்துத் திரைக்கு அனுப்பும் ஓபிஎஸ் ஸ்டூடியோ. கடைசியாகச் சொன்ன மென்பொருள் இலவசம். பிஓஇ என்றால் ஒரே கேபிளில் மின்சாரமும் படமும் போகும். சுடும் பகுதியில் பிளக் பாயிண்ட் தேட வேண்டாம். வைஃபை கேமரா வாங்காதீர்கள். கூட்டம் வந்து எல்லார் கையிலும் போன் இருக்கும்போது படம் உறைந்துவிடும்.

லென்ஸில்தான் பலரும் தவறுகிறார்கள். கேமராவோடு வரும் 2.8 அல்லது 3.6 மி.மீ. லென்ஸ் வாசலைப் பார்க்கச் செய்தது. அதில் அட்டை தபால்தலை அளவுக்குத்தான் தெரியும். ரைஃபிளுக்கு 25 மி.மீ., பிஸ்டலுக்கு 16 மி.மீ. எம்12 லென்ஸ் (12 மி.மீ. திருகு மரை உள்ள சிறு லென்ஸ்) வாங்கி மாற்றுங்கள். கணக்கு இதுதான்: 1/2.8 அங்குல சென்சாரில் 25 மி.மீ. லென்ஸ் ஒரு மீட்டர் தள்ளி ஏறத்தாழ 215 மி.மீ. அகலம், 120 மி.மீ. உயரத்தைப் பிடிக்கும். 80 மி.மீ. ரைஃபிள் அட்டை அதில் அடங்கி, சுற்றிலும் கொஞ்சம் இடம் மிஞ்சும். 4.5 மி.மீ. துளை சுமார் 40 பிக்சல் அகலத்தில் தெரியும். பிஸ்டல் அட்டை 170 மி.மீ.; அதற்கு 16 மி.மீ. லென்ஸில் துளை 25 பிக்சல் வரும், அதுவும் போதும்.

பழைய லென்ஸைப் பசை வைத்து ஒட்டியிருப்பார்கள். ஹேர் டிரையரால் சூடாக்கி மெதுவாகத் திருகினால் வந்துவிடும். புது லென்ஸைத் தூரப் பொருளுக்குக் கூர்மையாக வைத்துவிட்டு, அங்கிருந்து வெளிப்பக்கமாக 25 மி.மீ. லென்ஸை ஒன்றே கால் சுற்று, 16 மி.மீ. லென்ஸை அரைச் சுற்று திருப்பினால் ஒரு மீட்டர் தூரத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். துளை உள்ள அட்டையை மாட்டி, கிழிந்த ஓரத்தின் நார் தெரியும்வரை நுணுக்கமாகச் சரிசெய்து, ஒரு பொட்டு நெயில் பாலிஷ் வைத்து இறுக்குங்கள்.

டார்கெட்டின் நடு தரையிலிருந்து 1.40 மீட்டரில் இருக்கும். கேமராவை அதற்கு ஒரு மீட்டர் முன்னால், தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில், பக்கத்திலோ தரையிலோ தனி ஸ்டாண்டில் பொருத்துங்கள். அட்டை ஓடும் கம்பியிலோ கப்பியிலோ கட்டினால் ஒவ்வொரு தடவையும் படம் ஆடும். கேமராவின் முதுகு சுடுபவரைப் பார்க்கிறது. அங்கே 3 மி.மீ. இரும்புத் தகடு கட்டாயம். லென்ஸுக்கு முன்னால் 3 மி.மீ. பாலிகார்பனேட் (ஒளி ஊடுருவும் கெட்டி பிளாஸ்டிக்) வையுங்கள், ஈயத் துகள் தெறித்து வரும். கண்ணாடி வைக்கவே கூடாது.

கீழிருந்து பார்ப்பதால் வட்டம் சற்று நசுங்கித் தெரியும். ஓபிஎஸ்ஸில் கன்ட்ரோல்-ஈ அழுத்தி, உயரத்தை மட்டும் எட்டு சதவீதம் கூட்டினால் வட்டம் வட்டமாகிவிடும்.

கேமராவின் அமைப்புப் பக்கத்தில் நான்கு வேலை. இரவு முறையை அணைத்து எப்போதும் 'டே' என வையுங்கள். இல்லாவிட்டால் இன்ஃப்ராரெட் விளக்கு எரிந்து படம் கறுப்பு வெள்ளை ஆகிவிடும். எக்ஸ்போஷரை நிலைப்படுத்துங்கள், வெள்ளை அட்டை வெளிறிப்போகாத அளவுக்கு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் ஷட்டர் 1/50 அல்லது 1/100. வேறு எண் வைத்தால் எல்இடி வெளிச்சத்தில் படத்தில் பட்டை ஓடும். வீடியோ வகை எச்.264, நொடிக்கு 15 படம், 2 எம்பிபிஎஸ். எட்டுக்கும் சேர்த்து 16 தான், சாதாரண 100 எம்பிபிஎஸ் ஸ்விட்ச் தாங்கும்.

ஐபி எண்ணை லேனோடு பொருத்துங்கள்: முதல் லேன் 192.168.1.11, எட்டாவது 192.168.1.18. போட்டி நடுவே ஒரு படம் போய்விட்டால் எந்தக் கேபிள் என்று தேட வேண்டியிருக்காது.

ஓபிஎஸ்ஸில் மீடியா சோர்ஸ் சேர்த்து, 'லோக்கல் ஃபைல்' டிக்கை எடுத்துவிட்டு ஆர்டிஎஸ்பி முகவரியை (கேமராவின் நேரடிப் படம் கிடைக்கும் முகவரி) கொடுங்கள். அங்கே நெட்வொர்க் பஃபரிங் 2 எம்பி என்று இருக்கும். இவ்வளவு மெல்லிய படத்துக்கு அது எட்டு நொடித் தாமதம்! பூஜ்யமாக்குங்கள். எட்டுப் படமும் ஒன்றாகத் தெரியும் காட்சிக்குக் கேமராவின் சப்-ஸ்ட்ரீமையும் (சிறிய படம்), ஒரு லேனைப் பெரிதாகக் காட்டும்போது மெயின் ஸ்ட்ரீமையும் (முழுப் படம்) பயன்படுத்தினால் லேப்டாப் திணறாது.

கறுப்பு வட்டத்தில் விழுந்த துளை, பின்னாலும் இருட்டாக இருந்தால் படத்தில் காணாமல் போகும். அட்டைக்குப் பின்னால் வெளிர்நிறத் தாள் வைத்தால் பளிச்சென்று தெரியும்தான். ஆனால் சுடுபவர் கண்ணுக்கும் தெரியக்கூடும். ஜூரியிடம் (நடுவர் குழு) கேட்காமல் செய்யாதீர்கள். அவர்கள் மறுத்தால் ஒரு சிறு எல்இடியைப் பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள், கிழிந்த ஓரத்தின் நிழல் துளையைக் காட்டிக்கொடுக்கும். அட்டைக்கு ஒரு குண்டு என்று வைத்தால் இன்னும் தெளிவு; ரைஃபிளில் ஐந்து குண்டும் ஒரே ஓட்டையில் போனால் கேமராவால் எதையும் பிரிக்க முடியாது. டார்கெட் பக்கம் உள்ள மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், அட்டை படபடக்கும்.

எண்கள் இல்லாமல் துளை மட்டும் போதாது. பெயர், கடைசிக் குண்டு, மொத்தம், முதலிடத்துக்கு எத்தனை குறைவு: இந்த நான்கும் திரையில் இருக்கட்டும். ஓபிஎஸ்ஸின் டெக்ஸ்ட் சோர்ஸ் ஒரு நோட்பேட் கோப்பிலிருந்து படிக்கும். ஒருவர் துளையைப் பார்த்து மதிப்பைச் சொல்ல, இன்னொருவர் அடித்துச் சேமித்தால் திரை மாறும். பக்கத்தில் 'உத்தேச மதிப்பெண்' என்று எழுதியே தீரவேண்டும். துளை வளையக் கோட்டைத் தொட்டதா இல்லையா என்பதை ஜூரியின் கேஜ்தான் (துளையில் வைத்து அளக்கும் கருவி) தீர்மானிக்கும், நம் கேமரா இல்லை.

முகத்துக்கு ஒரு பழைய போன் போதும். மூச்சை அடக்குவதும், விரல் டிரிகரில் படிவதும், பிடிக்காமல் துப்பாக்கியை இறக்கி மறுபடி தூக்குவதும்தான் இந்த விளையாட்டின் நாடகம். பக்கச் சுவரில் ஒன்றரை மீட்டர் முன்னால் பொருத்தி, ஃபோகஸைப் பூட்டி, ஃபிளைட் மோடில் வைத்து, எரியும் விளக்குகளைக் கறுப்பு டேப்பால் மூடுங்கள். போனின் படம் யுஎஸ்பி கேபிளில் வந்தால் துளையைவிட முன்னதாகவே திரைக்கு வரும். அதைச் சரிசெய்ய வேண்டாம். முகம் முன்னே, துளை பின்னே என்பது நல்ல வரிசை.

எல்லாவற்றையும் முதல் நாளே பொருத்திவிடுங்கள். போட்டி நடக்கும்போது ஒரு கேமரா செத்தால் செத்ததுதான். ரேஞ்ச் ஆபீசர் நிறுத்தச் சொல்லி, துப்பாக்கிகள் காலியாகி, எல்லாக் குழலிலும் காலி என்று காட்டும் பாதுகாப்புக் கொடி ஏறிய பிறகே யாரும் சுடும் கோட்டைத் தாண்டலாம்.

டிவியைச் சுடுபவர்களின் முதுகுக்குப் பின்னால், கூட்டத்தைப் பார்த்து வையுங்கள். தகுதிச்சுற்றில் வர்ணனை வேண்டாம். வராந்தாவில் தனி டிவி வைத்தால் அங்கே பேசிக்கொள்ளலாம். யூடியூபில் நேரலை விடுவதானால் இரண்டு நாள் முன்பே அனுமதியை இயக்குங்கள், முதல் தடவை 24 மணி நேரம் வரை ஆகும். பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பெற்றோரின் எழுத்துச் சம்மதத்தைப் பதிவுப் படிவத்திலேயே வாங்கிவிடுங்கள்.