பார்வையாளர் ஆய்வு வாசலிலேயே கெடுகிறது: மியூசிய ஆராய்ச்சிக்கு வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரு கஸ்தூரிபா சாலையில் சற்று நேரம் நடந்தாலே மூன்று மியூசியங்களைக் கடந்துவிடலாம். 1865இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம், 1962இல் திறந்த விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகம், 2023இல் திறந்த, மேப் (MAP) எனப்படும் கலை, புகைப்பட அருங்காட்சியகம். மியூசியத்துக்கு வருபவர் யார், எதை எப்படிப் பார்க்கிறார் என்று ஆராயும் பார்வையாளர் ஆய்வில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்பவர் "மூன்றையும் ஒப்பிடுகிறேன்" என்று ஆய்வுச் சுருக்கத்தில் எழுதிக் கொடுத்துவிடுகிறார். சிக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது. முதலாவது மாநிலத் தொல்லியல் துறைக்குக் கீழ் வருவது. இரண்டாவது, கொல்கத்தாவில் தலைமையகம் உள்ள தேசிய அறிவியல் அருங்காட்சியக மன்றத்தைச் சேர்ந்தது. மூன்றாவது தனியார் அமைப்பு. ஒரே கடிதத்தை மூன்று நகல் எடுத்துக் கொடுத்தால் மூன்று மேசையிலும் அது தூங்கும்.

அனுமதிக் கடிதம் "ஆராய்ச்சி செய்ய விரும்புகிறேன்" என்று முடிந்தால் போதாது. எந்தக் கூடம், எந்தத் தேதிகள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எத்தனை பேர் நிற்பீர்கள், படம் எடுப்பீர்களா, பெயரும் போன் நம்பரும் வாங்குவீர்களா, முடிவை எப்போது கொடுப்பீர்கள் என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். தரவை வெளியிடும் உரிமை யாருக்கு என்பதையும் அப்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையாகச் சரி சொன்ன அதிகாரி மாற்றலாகிப் போனால் பாதி வேலையில் நிற்க வேண்டியதுதான். ஆய்வுக் காலத்தில் அந்தக் கூடத்தைப் புதுப்பிப்புக்காக மூடப்போகிறார்களா என்றும் கேளுங்கள். பல பேர் இதைக் கேட்பதே இல்லை. கையெழுத்தான கடிதத்தை லேமினேட் செய்து கையில் வைத்திருங்கள். உங்களைத் தடுத்து நிறுத்துவது இயக்குநர் அல்ல, வாசலில் ஷிஃப்ட் மாறி வந்த செக்யூரிட்டி.

அடுத்தது யாரைக் கேட்பது என்பது. அனுபவம் உள்ளவர்கள்கூட இதில் சறுக்குகிறார்கள். வெளியே வரும் கூட்டத்தில் சிரித்த முகமாக, நிதானமாக, நம்மைப் போலவே படித்தவராகத் தெரிபவரிடம் கால் தானாகப் போகும். இரண்டு கைக்குழந்தையோடு வரும் அம்மாவை விட்டுவிடுவோம். மாலையில் கணக்குப் பார்த்தால் பார்வையாளர்களில் பெரும்பாலோர் பட்டதாரிகள் என்று வரும். அது மியூசியத்தைப் பற்றிய உண்மை அல்ல, உங்கள் கூச்சத்தைப் பற்றிய உண்மை.

இதைத் தவிர்க்க எளிய வழி இருக்கிறது. தரையில் டைல்ஸ் இணைப்பு ஒன்றைக் கோடாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பேட்டி முடிந்து படிவத்தை மடித்த பிறகு அந்தக் கோட்டை முதலில் தாண்டுபவர்தான் அடுத்த ஆள், யாராக இருந்தாலும். குடும்பமாக வந்தால் அப்பாதான் முன்னே வந்து பதில் சொல்வார். ஆகவே அடுத்த பிறந்தநாள் யாருக்கு என்று கேட்டு அவரிடம் பேசுங்கள். பிறந்த தேதியே தெரியாத பாட்டி கூட இருந்தால், எண் எழுதிய சீட்டுகளை நீட்டி ஒன்றை எடுக்கச் சொல்லலாம். மறுத்தவர்களையும் குறித்துக்கொள்ள வேண்டும்: நேரம், தோராய வயது, உடன் வந்தவர் எத்தனை பேர், சொன்ன காரணம். மறுப்புப் பட்டியல் இல்லாத ஆய்வை நல்ல மதிப்பீட்டாளர் முதல் சுற்றிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்.

எண்ணிக்கை எவ்வளவு வேண்டும் என்ற கவலையும் இடம் மாறிய கவலைதான். முறையாகத் தேர்ந்தெடுத்த 100 பேர் என்றால் சதவீதத்தில் கூடக்குறைய 10 புள்ளி பிழை வரலாம், 400 பேர் என்றால் 5 புள்ளி. சிரித்த முகங்களாகப் பொறுக்கியெடுத்தால் 4000 பேர் ஆனாலும் கோணல் நிமிராது. ஞாயிறு கூட்டம் வேறு, செவ்வாய் கூட்டம் வேறு, பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகள் வரிசையில் நிற்கும் நாள்கள் முற்றிலும் வேறு. பள்ளிக் கூட்டத்தைத் தனிக் கணக்காகவே வைத்திருங்கள். 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்றே சொல்கிறது. பேருந்தில் கூட வந்த ஆசிரியர் தலையாட்டினால் அது பெற்றோர் சம்மதம் ஆகாது. சுற்றுலாவுக்கு முன்பே பள்ளி வழியாகப் படிவம் அனுப்பி, பெற்றோர் கையெழுத்து வாங்க வேண்டும்.

மொழி விஷயத்தில் தமிழர்களுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. "பெங்களூருவில் இத்தனை தமிழர் இருக்கிறார்களே" என்று தமிழில் படிவம் அச்சடித்து நீட்டுவார்கள். அல்சூர், ஸ்ரீராமபுரம், சிவாஜிநகர்க் குடும்பங்களில் வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடமோ ஆங்கிலமோ. தமிழை நன்றாகப் பேசும் பலருக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராது. அதை வெளியே சொல்ல மாட்டார்கள். "டைம் இல்லம்மா" என்று படிவத்தைத் திருப்பிக் கொடுப்பார்கள், நாமும் "விருப்பமில்லை" என்று குறித்துக்கொள்வோம். கேள்வியை வாயால் கேளுங்கள், பதிலை நீங்கள் எழுதுங்கள். "தாங்கள் இவ்வருங்காட்சியகத்திற்கு வருகை புரிந்ததன் நோக்கம் யாது?" என்று கேட்டால் எதிரே இருப்பவர் பரீட்சைக்கு உட்கார்ந்தது போல் ஆகிவிடுவார். "இன்னைக்கு இங்க வரலாம்னு யாருங்க சொன்னது?" என்று கேட்டால் பாதிக் கதை தானாக வரும். தமிழ்க் கேள்விகளை ஒருவர் கன்னடத்தில் மொழிபெயர்க்க வேண்டும், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்பத் தமிழாக்க வேண்டும். இரண்டும் பொருந்தாத இடத்தில்தான் கேள்வியின் ஓட்டை தெரியும். சொல்லையும் கவனியுங்கள். எழும்பூர் மியூசியத்தைச் "செத்த காலேஜ்" என்றும் மிருகக்காட்சி சாலையை "உயிர் காலேஜ்" என்றும் சொன்ன சென்னைக்காரர்களின் பேச்சில் வளர்ந்தவருக்கு "கண்காட்சி" என்றதும் ராட்டினமும் அப்பளமும் நினைவுக்கு வந்தால் அது அவர் குற்றமல்ல.

பேட்டியை மட்டும் நம்புவது இன்னொரு பெரிய தவறு. மியூசிய அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு "பிடித்திருந்ததா?" என்றால் விருந்துக்கு வந்தவரிடம் சாப்பாடு எப்படி என்று கேட்ட மாதிரிதான், எல்லாரும் பிரமாதம் என்பார்கள். பல்கலைக்கழக அட்டையோடு நில்லுங்கள். மதிப்பெண் கேட்காமல் "வீட்டுல போய் ஒண்ணு சொல்லணும்னா எதைச் சொல்வீங்க?" என்று கேளுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் இழுத்தால் பசித்த பிள்ளைகளோடு நிற்பவர் ஏதோ ஒரு பதிலைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

கேட்பதற்கு முன் பார்க்க வேண்டும். கூடத்தின் வரைபடத்தை ஏ4 தாளில் ஒரு பார்வையாளருக்கு ஒன்று என்று வைத்து, அவர் போன பாதையையும் நின்ற இடங்களையும் நேரத்தையும் குறிப்பதுதான் இந்தத் துறையின் அடிப்படைக் கருவி. "நின்றார்" என்பதற்கு வரையறை எழுதாமல் தொடங்குவதால்தான் இது பாழாகிறது. இரு காலும் அசையாமல், முகம் காட்சிப்பொருளைப் பார்த்து, 3 விநாடிக்குக் குறையாமல் என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு பேர் ஒரே 10 பார்வையாளர்களைத் தனித்தனியே பின்தொடர்ந்து தாள்களை ஒப்பிடுங்கள். பத்து நிறுத்தத்தில் எட்டுகூட ஒத்துப்போகவில்லை என்றால் வரையறையைத் திருத்திவிட்டு மறுபடி தொடங்குங்கள். கூடத்தின் நுழைவில் ஆய்வு நடப்பதாக அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும். ஆனால் ஒருவரிடம் நேரே போய் "உங்களைக் கவனிக்கப் போகிறேன்" என்றால் அவர் வழக்கத்தைவிட அதிக நேரம் வாசிப்பார். அந்தத் தாள்களைத் தனியே வையுங்கள்.

இன்னொரு நுணுக்கம்: விஸ்வேஸ்வரய்யா மியூசியம் போன்ற இயந்திரக் காட்சிக் கூடங்களில் வரிசையில் காத்திருந்த நேரமும் பட்டனைத் தட்டிவிட்டு ஓடிய நேரமும் "ஈடுபாடு" என்ற கணக்கில் நுழைந்துவிடும். காத்திருப்புக்குத் தனிக் குறியீடு வேண்டும். சராசரியும் ஏமாற்றும். ஐந்து பேர் 2, 3, 3, 4, 28 நிமிடம் இருந்தார்கள் என்றால் சராசரி 8. எட்டு நிமிடம் இருந்தவர் ஒருவர்கூட இல்லை, நடு மதிப்பு 3தான். இரண்டையும் கொடுங்கள்.

பழைய ஆய்வுகளை அப்படியே இறக்குமதி செய்வதும் நடக்கிறது. கூடத்தில் நுழைபவர் பெரும்பாலும் வலப்புறம் திரும்புகிறார் என்று உளவியலாளர் ஆர்தர் மெல்ட்டன் 1935இல் அமெரிக்காவில் கண்டதை மேற்கோள் காட்டி இங்கே நுழைவை அமைக்கச் சொல்வார்கள். கோயிலில் சாமியை வலப்பக்கம் வைத்துப் பிரதட்சிணம் செய்து பழகியவர், சாலையில் இடப்பக்கம் போகிறவர், சிலைக் கூடத்தில் எந்தப் பக்கம் திரும்புவார் என்பதை எண்ணித்தான் பார்க்க வேண்டும். "மியூசியக் களைப்பு" என்றதும் 1916இல் போஸ்டன் மியூசியத்தைச் சேர்ந்த கில்மன் எழுதியதைச் சலிப்பு, கவனக்குறைவுக்கு ஆதாரமாகத் தருவதும் உண்டு. அவர் படம் எடுத்துக் காட்டியது குனிந்தும் எட்டியும் பார்க்க வைக்கும் கண்ணாடிப் பெட்டிகளால் வரும் உடல் களைப்பை. வராதவர்களையும் மறக்காதீர்கள். கப்பன் பார்க் பெஞ்சில் சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருப்பவர் பக்கத்திலிருக்கும் வாசலுக்குள் ஏன் நுழையவில்லை என்பதை வாசலுக்குள் நின்று கண்டுபிடிக்க முடியாது.

வேலை என்று பார்த்தால், "பார்வையாளர் ஆய்வாளர்" என்ற பெயரில் பதவி வரும் என்று காத்திருக்க வேண்டாம். இந்திய மியூசியங்களில் கியூரேட்டர், கல்வி அலுவலர் என்ற பெயர்களுக்குள்தான் இந்த வேலை ஒளிந்திருக்கிறது. உளவியல், டிசைன் படித்துவிட்டு வருபவர்கள் அரசு விளம்பரங்களில் கேட்கும் முதுகலைப் பாடத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் அருங்காட்சியகவியலும் பாதுகாப்பியலும் தனிப் பாடமாகவே இருக்கிறது. கட்டுரையைப் பொறுத்தவரை, பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி, தான் ஏற்ற ஆய்விதழ்களின் கேர் பட்டியலை 2025இல் கைவிட்டுவிட்டது. இனி இதழின் தரத்தை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு வாரத்தில் ஏற்பு, கையோடு கட்டணம் என்றால் ஒதுங்கிவிடுங்கள்.

கடைசியாக, அறிக்கை. கண்காட்சி திறந்த பிறகு 120 பக்கம் கொடுத்தால் அலமாரியில் போகும். விளக்கப் பலகை அச்சுக்குப் போகும் முன் அதை ஏ3 தாளில் பிரிண்ட் எடுத்து, தெர்மாகோலில் ஒட்டி, 10, 15 பேரை வாசிக்க வைத்தால் ஒரே நாளில் பிழை தெரியும், செலவும் சில நூறு ரூபாய்தான். களவேலை முடிந்த மூன்று வாரத்துக்குள் இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள். அதில் உடனே செய்யக்கூடிய ஒன்று இருக்கட்டும். "மூன்றாம் தூணுக்கு அருகே ஒரு பெஞ்ச்" என்ற அளவுக்கு அது குறிப்பாக இருந்தால், அடுத்த அனுமதிக் கடிதம் மேசையில் தூங்காது.