மர நிறுவனத்தின் பணப்புழக்கத்தைப் படிப்பது எப்படி? பால் விற்ற காசும் பசுவை விற்ற காசும்

வருமான அறிக்கை, இருப்புநிலைக் குறிப்பு, பணப்புழக்க அறிக்கை ஆகிய மூன்றும் என்னவென்று தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். வங்கியையும் மென்பொருள் நிறுவனத்தையும் அலசிப் பழகிய கண்ணோடு ஒரு மர நிறுவனத்தின் அறிக்கையைத் திறந்தால் வரிகள் எல்லாம் தெரிந்தவை போலவே இருக்கும். ஆனால் அவற்றின் பொருள் வேறு. எனக்கு அது பிடிபட இரண்டு வாரம் ஆனது. உங்களுக்கு ஒரு மாலைப் பொழுது போதும்.

எடுத்துக்காட்டுக்கு அமெரிக்காவின் வேயர்ஹவுசர் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். 1900 இல் வாஷிங்டன் மாநிலத்தின் டகோமாவில் தொடங்கியது. நார்தர்ன் பசிபிக் ரயில்வேயிடம் 9 லட்சம் ஏக்கர் காட்டை ஏக்கர் 6 டாலர் என்று வாங்கித் தொழிலில் இறங்கினார்கள். இன்று அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடி ஏக்கருக்கு மேல் சொந்தக் காடு. 2010 முதல் ரீட் (REIT) எனப்படும் நிலச்சொத்து முதலீட்டு அறக்கட்டளை அமைப்பாக இயங்குகிறது. அதனால் காட்டு வருமானத்துக்கு நிறுவன அளவில் பெரும்பாலும் வரி இல்லை. மரம் அறுக்கும் ஆலைகள் மட்டும் வரி கட்டும் துணை நிறுவனத்தின் கீழ் இருக்கின்றன.

படி 1: எண்களைக் கையால் எழுதுங்கள்

அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் எட்கர் தளத்துக்குப் போய், ஆண்டறிக்கையான டென்-கே ஆவணங்களைப் பத்து ஆண்டுகளுக்கு இறக்கிக்கொள்ளுங்கள். லிபர் ஆபிஸ் கால்க் போதும், காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டாம். ஆண்டுக்கு ஒரு நெடுவரிசை. பணப்புழக்க அறிக்கையின் ஒவ்வொரு வரியையும் நீங்களே தட்டச்சு செய்யுங்கள்.

பங்குத் தகவல் தளங்களில் இருந்து நகலெடுக்காதீர்கள் என்று பிடிவாதமாகச் சொல்கிறேன். எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே அச்சில் வார்க்கப்பட்ட வரிகளே அங்கே இருக்கும். காடு வாங்கியது, கன்று நட்டது போன்ற வரிகள் 'மற்றவை' என்ற பையில் விழுந்துவிடும். நமக்கு வேண்டியதே அந்தப் பையில் இருப்பதுதான்.

படி 2: லாபத்துக்கும் ரொக்கத்துக்கும் நடுவில் இருக்கும் டிப்ளீஷன்

ஒரு தோப்பை வாங்குகிறீர்கள். நிலத்தின் விலையைத் தள்ளிவிட்டு, மரத்துக்கு மட்டும் ஒரு கோடி ரூபாய் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். தோப்பில் 10,000 டன் மரம் நிற்கிறது. டன்னுக்கு அடக்கம் 1,000 ரூபாய். இந்த ஆண்டு 500 டன் வெட்டினால் 5 லட்சம் ரூபாய் டிப்ளீஷன் என்ற பெயரில் செலவாகக் கணக்கில் ஏறும். அந்தப் பணம் தோப்பு வாங்கிய அன்றே கைவிட்டுப் போனது, இந்த ஆண்டு ஒரு காசும் வெளியே போகவில்லை. ஆகவே பணப்புழக்க அறிக்கையில் அதைத் திரும்பக் கூட்டிக்கொள்வார்கள்.

தேய்மானத்தைப் போலத்தான் இது என்று பல பாடங்கள் சொல்கின்றன. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தேய்ந்த இயந்திரத்துக்குப் பதில் புது இயந்திரம் வாங்கியே ஆக வேண்டும். வெட்டிய இடத்தில் கன்று நட்டால் மரம் தானே வளரும். அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் பைன் மரம் 25 முதல் 30 ஆண்டுகளில் வெட்டுக்கு வரும். மேற்கே டக்ளஸ் ஃபிர் அதைவிட நாளாகும். உண்மையான செலவு நடவுச் செலவும் காத்திருப்பும்தான். நடவுச் செலவு அறிக்கையில் வேறொரு இடத்தில் இருக்கிறது, படி 4 இல் வருகிறேன்.

இன்னொன்று. நூறாண்டுக்கு முன் வாங்கிய காட்டின் அடக்க விலை மிகக் குறைவு. 2016 இல் பிளம் கிரீக் நிறுவனத்தை இணைத்தபோது வந்த காடுகளோ அன்றைய சந்தை மதிப்பில் ஏட்டில் ஏறின. அடுத்தடுத்து நிற்கும் இரண்டு மரங்களை ஒரே விலைக்கு விற்றாலும் ஏட்டில் லாபம் வெவ்வேறாகத் தெரியும். அதனால்தான் மர நிறுவனங்களை லாபத்தை வைத்து ஒப்பிடக் கூடாது.

வேயர்ஹவுசரின் 2021 நிகர லாபம் சுமார் 260 கோடி டாலர், செயல்பாடுகளில் இருந்து வந்த ரொக்கம் சுமார் 316 கோடி டாலர். 2024 இல் லாபம் சுமார் 40 கோடி, ரொக்கம் சுமார் 101 கோடி. லாபம் ஆறில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்தபோது ரொக்கம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில் நின்றது.

படி 3: நான் இடறி விழுந்த இடம்

பொறுமையாகப் படியுங்கள், இந்தக் கட்டுரையை எழுதக் காரணமே இதுதான்.

நான் முதன்முதலில் அலசியது வேறொரு சிறிய நிறுவனம். செயல்பாட்டு ரொக்கம் மூன்று ஆண்டுகளாக ஏறிக்கொண்டே வந்தது. காடு நன்றாக விளைகிறது என்று நம்பிப் பங்கு வாங்கினேன். பிறகு ஒருநாள் வெட்டிய மரத்தின் டன் கணக்கைப் பார்த்தேன். அது ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டிருந்தது. மர விலையும் ஏறவில்லை. அப்படியென்றால் பணம் எங்கிருந்து வந்தது?

நிலத்தை விற்றிருந்தார்கள். ஊரை ஒட்டிய காடு, ஏரிக்கரைக் காடு, வேட்டைக்கு ஏற்ற காடு ஆகியவற்றுக்கு மரத்தின் மதிப்பைவிடக் கூடுதல் விலை கிடைக்கும். ஒரு தொழிற்சாலை தன் நிலத்தை விற்றால் அது முதலீட்டுப் பகுதியில் வரும் என்று நமக்குத் தெரியும். ஆனால் மர நிறுவனத்துக்கு நில விற்பனையே ஒரு தொழில் பிரிவு. அதனால் அந்தப் பணம் செயல்பாட்டுப் பகுதியிலேயே வந்துவிடுகிறது. விற்ற நிலத்தின் அடக்க விலையும் ரொக்கமில்லாச் செலவாகத் திரும்பக் கூட்டப்படுகிறது. வேயர்ஹவுசர் அறிக்கையிலும் லாபத்துக்குக் கீழே அந்த வரி தனியாக இருக்கும். பால் விற்ற காசும் பசுவை விற்ற காசும் ஒரே உண்டியலில் விழுகின்றன. சட்டப்படி இதில் தவறேதும் இல்லை. பிரித்துப் பார்க்க வேண்டியது நம் வேலை.

பிரிப்பது இப்படி. ஆண்டறிக்கையின் பிரிவுவாரிக் குறிப்புக்குப் போங்கள். வேயர்ஹவுசரில் காடுகள், நிலமும் இயற்கை வளங்களும், மரப்பொருள்கள் என்று மூன்று பிரிவுகள். இரண்டாவது பிரிவில் இருக்கும் நில விற்பனையை மட்டும் செயல்பாட்டு ரொக்கத்தில் இருந்து கழியுங்கள். அதே பிரிவில் கனிம உரிமை, காற்றாலை, சூரிய மின்சக்திக் குத்தகை ஆகியவையும் இருக்கின்றன. அவை ஆண்டுதோறும் வருபவை, அவற்றைக் கழிக்கக் கூடாது.

பிறகு உங்கள் தாளில் மூன்று வரிகளைச் சேருங்கள்: ஆண்டுத் தொடக்கத்தில் இருந்த ஏக்கர், விற்ற ஏக்கர், வாங்கிய ஏக்கர். நான் எந்த மர நிறுவனத்தைத் திறந்தாலும் இப்போது முதலில் பார்ப்பது இந்த மூன்றைத்தான். நல்ல விலைக்கு நிலம் விற்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஓர் ஏக்கரை ஒருமுறைதான் விற்க முடியும்.

படி 4: முதலீட்டுப் பகுதியில் மூன்று வரிகள்

ஆலைக்கும் இயந்திரத்துக்கும் செய்த செலவு ஒன்று, மறுநடவுச் செலவு இரண்டு. இரண்டையும் தயங்காமல் செயல்பாட்டு ரொக்கத்தில் இருந்து கழியுங்கள். மூன்றாவது, புதிதாகக் காடு வாங்கியது. கருத்து வேறுபாடு இங்கேதான்.

வேயர்ஹவுசர் 2022 இல் வடக்கு, தெற்கு கரோலினாவில் சுமார் 81,000 ஏக்கரை 26.5 கோடி டாலருக்கு வாங்கியது. பங்கிடத் தக்க நிதி என்று நிறுவனம் சொல்லும் கணக்கில் இது கழிக்கப்படுவதில்லை. அந்த நிதியில் 75 முதல் 80 சதவீதத்தைப் பங்குதாரருக்குத் திருப்பித் தருவது அவர்கள் கொள்கை. என் வழி வேறு. விற்ற ஏக்கரை ஈடு செய்யும் அளவுக்கு வாங்கியதைப் பராமரிப்புச் செலவாகக் கழிக்கிறேன், அதற்கு மேல் வாங்கியதை வளர்ச்சியாகக் கொள்கிறேன். படி 3 இல் நில விற்பனையை ஏற்கெனவே முழுதாகக் கழித்திருந்தால் இதைக் கழிக்க வேண்டாம், இருமுறை ஆகிவிடும்.

காடு வாங்கிய இந்த வரியைப் புறக்கணித்தால் என்ன ஆகும் என்பதற்கு சைனோ-ஃபாரஸ்ட் சாட்சி. டொராண்டோ சந்தையில் பட்டியலிடப்பட்டு, சீனாவில் காடு வைத்திருப்பதாகச் சொன்ன நிறுவனம். நிற்கும் மரத்தை வாங்கிச் சில காலம் வைத்திருந்து விற்பதே அதன் பெருந்தொழில். நியாயமாக அது சரக்குக் கொள்முதல். ஆனால் மரம் வாங்கிய பணம் முதலீட்டுப் பகுதியில் போனது. விற்கும்போது அடக்க விலை டிப்ளீஷனாகத் திரும்பக் கூட்டப்பட்டது. செயல்பாட்டு ரொக்கம் அமோகமாகத் தெரிந்தது. இரண்டு பகுதிகளையும் கூட்டிப் பார்த்தால் பற்றாக்குறை. பங்கும் கடன் பத்திரமும் விற்றுத்தான் அந்த ஓட்டையை அடைத்துவந்தார்கள்.

2011 ஜூன் 2 அன்று மடி வாட்டர்ஸ் என்ற ஆய்வு நிறுவனம் இதை மோசடி என்று அறிக்கை வெளியிட்டது. 2012 மார்ச்சில் நிறுவனம் கடன்காரர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்பு கோரியது. 2017 இல் ஒன்டாரியோ பத்திர ஆணையம் முன்னாள் தலைமை நிர்வாகி உள்ளிட்டோர் மோசடி செய்ததாகத் தீர்ப்பளித்தது. இதில் என்னைத் திடுக்கிட வைத்தது வேறு. பெரும்பாலான விற்பனைப் பணம் நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கு வரவே இல்லை. இடைத்தரகர்கள் அதை அடுத்த மரக் கொள்முதலுக்கு நேரடியாகச் சரிக்கட்டியதாக ஏட்டில் எழுதினார்கள். ஆகவே காடு வாங்கிய வரி ஆண்டுதோறும் செயல்பாட்டு ரொக்கத்தை விழுங்கினால், மேற்கொண்டு படிக்காமல் தாளை மூடிவிடுங்கள்.

படி 5: ஓர் ஆண்டை நம்பாதீர்கள்

அறுத்த மரத்தின் முன்பேர விலை 2020 ஏப்ரலில் ஆயிரம் போர்டு அடிக்கு (பலகையை அளக்கும் கன அளவு) 300 டாலருக்கும் கீழே இருந்தது. 2021 மே மாதத்தில் 1,600 டாலரைத் தாண்டியது. சில மாதங்களில் மீண்டும் சரிந்தது. வேயர்ஹவுசரின் கூடுதல் ஈவுத்தொகையிலேயே இந்த அலை தெரியும்: பங்கு ஒன்றுக்கு 2022 பிப்ரவரியில் 1.45 டாலர், 2023 இல் 90 சென்ட், 2024 இல் 14 சென்ட். 2022 இன் ஈவுத்தொகை விகிதத்தைப் பார்த்து வாங்கியவர் ஏமாந்திருப்பார். பத்தாண்டுச் சராசரியை எடுங்கள்.

கூடவே வெட்டிய டன் கணக்கையும் பாருங்கள். விலை சரிந்த ஆண்டில் வெட்டைக் குறைத்தால் ரொக்கம் குறையும், ஆனால் மரம் காட்டிலேயே பருத்துக்கொண்டிருக்கும். விலை சரிந்த ஆண்டில் வெட்டு கூடினால் கடன் நெருக்குகிறதா என்று பாருங்கள்.

பிற்சேர்க்கை 1. 2018 இன் ரொக்கம் ஏன் இவ்வளவு குறைவு என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். சரியான கண். அந்த ஆண்டு வேயர்ஹவுசர் ஊழியர் ஓய்வூதிய நிதியில் தானாக முன்வந்து 30 கோடி டாலர் செலுத்தியது. அது செயல்பாட்டுப் பகுதியில்தான் கழிபடும். சராசரி எடுக்கும்போது திரும்பக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பிற்சேர்க்கை 2. ஸ்வீடனின் எஸ்சிஏ, ஹோல்மன் நிறுவனங்களுக்கு இந்த முறையைப் போட்டுப் பார்த்த இருவர், லாபத்துக்கும் ரொக்கத்துக்கும் இடையே பொருந்தாத இடைவெளி வருகிறது என்று எழுதினார்கள். ஐரோப்பாவில் நிற்கும் மரம் ஆண்டுதோறும் சந்தை மதிப்புக்கு ஏற்ப மறுமதிப்பீடு செய்யப்படுகிறது, ஏற்றம் லாபத்தில் சேர்கிறது. ரொக்கம் ஒரு காசும் வந்திருக்காது. 2019 இல் இரண்டு நிறுவனங்களும் மதிப்பிடும் முறையை மாற்றியதில் காட்டின் ஏட்டு மதிப்பு பெரிதாக உயர்ந்தது. அந்த மறுமதிப்பீட்டு வரியை முதலிலேயே கழித்துவிட்டுப் படி 3 க்கு வாருங்கள்.

பிற்சேர்க்கை 3. நம் நாட்டு பிளைவுட் நிறுவனங்களுக்கு இது பொருந்துமா என்று பலர் கேட்கிறார்கள். பொருந்தாது. இந்தியாவில் காடு பெரும்பாலும் அரசுடையது. தொழிற்சாலைகள் தங்களுக்கு வேண்டிய மரத்தை விவசாயிகளோடு நேரடியாகச் சேர்ந்து வளர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே 1988 தேசிய வனக் கொள்கை. பிளைவுட் நிறுவனம் மரத்தை வாங்கும் நிறுவனம், வளர்ப்பது அல்ல. அங்கே டிப்ளீஷன் வரியைத் தேடாதீர்கள். கிடங்கில் இருக்கும் மரத்தின் இருப்பும், விற்பனையாளர்களிடம் நிற்கும் பாக்கியும் எத்தனை நாள் விற்பனைக்குச் சமம் என்று பாருங்கள். அந்த நாள்கள் நீண்டுகொண்டே போனால், லாபம் ஏறினாலும் ரொக்கம் வற்றும்.