நிலைக்கால்ல மண் கோடு தெரிஞ்சா தொடைச்சு விட்டுட்டு போயிராதீங்க

மதுரைப் பக்கம் ஐப்பசி மழை பிடிச்சதும் ராத்திரி டியூப்லைட்டைச் சுத்தி ஈசல் (றெக்கை முளைச்ச கரையான்தான் அது) பறந்து, காலையில வீட்டுக்குள்ள ஜன்னலோரம் றெக்கையா உதிர்ந்து கெடந்துச்சுன்னா அன்னைக்கே நிலைக்கால், பரண் பலகை எல்லாத்தையும் தட்டிப் பாருங்க, உள்ள அரிச்சிருந்தா சத்தம் பொள்ளலா கேக்கும்.

சுவத்துல பென்சில் தடிமனுக்கு மண் கோடு ஏறியிருந்தா அது கரையான் போற பாதை, ஈரம் காஞ்சா செத்துரும், அதான் மண்ணால மூடிக்கிட்டே ஏறுது. நடுவுல ஒரு இஞ்ச் மட்டும் உடைச்சு விடுங்க, சில நாள்ல திரும்ப அடைச்சிருந்தா உள்ள ஓட்டம் இருக்குன்னு அர்த்தம். அடைக்கலைன்னா போயிருச்சுன்னு நம்பிராதீங்க, வேற வழியா ஏறும்.

மண்ணெண்ணெய் தடவுறது வீண் செலவு, மேல இருக்கிறதுதான் சாகும், ராணி மண்ணுக்குள்ளதானே இருக்கு. சுவரும் தரையும் சேர்ற இடத்துல 30 செ.மீ.க்கு ஒண்ணா 12 மி.மீ. ஓட்டை போட்டு மருந்தை மண்ணுக்கே இறக்கி சிமெண்ட் வச்சு அடைக்கணும், இமிடாகுளோபிரிட் 30.5 எஸ்.சி.ங்கிற கரையான் மருந்துன்னா லிட்டர் தண்ணிக்கு 2.1 மில்லி. கிணறு, போர் பக்கத்துல இருந்தா தெரிஞ்ச ஆளை வச்சே பண்ணுங்க. அதுக்கு முன்னாடி பாத்ரூம் குழாய்க் கசிவை சரி பண்ணிருங்க, சுவத்துல சாச்சு வச்ச பழைய பலகை, அட்டைப்பெட்டியெல்லாம் எடுத்துருங்க.