கேமராவுக்கு மாற்று பேட்டரி: வாங்குவதும் சோதிப்பதும்

சோனியின் என்பி-எஃப்இசட்100, கேனனின் எல்பி-இ6என்எச் போன்ற ஒரிஜினல் பேட்டரி ஒன்று சிங்கப்பூரில் நூறு வெள்ளிக்கு முன்பின் விற்கிறது. அதே பெயரை ஷாப்பியிலோ லாசாடாவிலோ தேடினால், இரண்டு பேட்டரியும் ஓர் இரட்டை சார்ஜரும் சேர்ந்தே அதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். தைப்பூசத்தன்று சிராங்கூன் ரோட்டிலிருந்து டேங்க் ரோடு வரை காவடிகளோடு நடந்து படமெடுக்கிறவருக்கு ஒரே பேட்டரியை நம்பிப் போக முடியாது. கல்யாண மண்டபத்தில் வீடியோ எடுப்பவருக்கு இரண்டுகூடக் குறைவுதான்.

ஒரிஜினல் ஒன்று, பெயருள்ள நிறுவனத்தின் மாற்று பேட்டரி ஒன்றிரண்டு என்று கலந்து வைத்துக்கொள்வதே பெரும்பாலானவர்களுக்குச் சரிப்படும். எல்லாமே ஒரிஜினலாக வாங்குவது வீண் செலவு. எல்லாமே மலிவானதாக வாங்கினால், முக்கியமான நேரத்தில் கேமரா படுத்துவிடும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். நைட்கோர், ஸ்மால்ரிக், படோனா, நியூவர் போன்றவை தங்கள் சொந்தப் பெயரைப் போட்டு விற்பவை; அவைதான் மாற்று பேட்டரிகள். கேனன், சோனி, நிக்கான் என்று பெயர் அச்சடித்து, பாதி விலைக்கு 'ஒரிஜினல்' என்று வருவது போலி. தன் பெயரையே போட்டுக்கொள்ளாதவன் உள்ளே என்ன செல் வைத்திருப்பான் என்று சொல்லத் தேவையில்லை. மூன்றில் எப்போதும் ஒதுக்க வேண்டியது போலியைத்தான். அதற்கு நாற்பது வெள்ளி கொடுப்பதைவிட, பெயருள்ள மாற்று பேட்டரிக்கு முப்பது கொடுப்பது மேல்.

உள்ளே என்ன இருக்கிறது

இந்த வகைக் கேமரா பேட்டரிகளில் பெரும்பாலும் இரண்டு லித்தியம்-அயான் செல்கள் வரிசையாக இணைக்கப்பட்டிருக்கும். ஒரு செல் முழுதாக ஏறினால் 4.2 வோல்ட், இரண்டும் சேர்ந்து 8.4 வோல்ட். மேலே 7.2 வோல்ட் என்று போட்டிருப்பது சராசரி. செல்களோடு ஒரு சின்ன சர்க்யூட் பலகை இருக்கும். அளவுக்கு மீறி சார்ஜ் ஏறினாலோ, மிகவும் இறங்கினாலோ, ஷார்ட் ஆனாலோ அது மின்சாரத்தைத் துண்டிக்கும். சூட்டை அளக்கும் தெர்மிஸ்டரும், கேமராவோடு பேசும் சிப்பும் அதோடு இருக்கும். பிளஸ், மைனஸ் தவிர பேட்டரியில் தெரியும் மற்ற முனைகள் இந்த வேலைகளுக்குத்தான்.

மாற்று பேட்டரி சறுக்கும் இடங்கள் மூன்று: செல்லின் தரம், சிப்பின் பேச்சு, பிளாஸ்டிக் கூட்டின் அளவு.

செல் மட்டமாக இருந்தால் அதன் உள்மின்தடை, அதாவது மின்சாரம் வெளியே வருவதைத் தடுக்கும் தன்மை, அதிகமாக இருக்கும். சும்மா படமெடுக்கும்போது வித்தியாசம் தெரியாது. தொடர் படங்கள், லென்ஸ் மோட்டார், கேமராவுக்குள் இருக்கும் அதிர்வுத் தடுப்பு எல்லாம் ஒரே நேரத்தில் மின்சாரம் இழுக்கும்போது வோல்ட் சட்டென்று சரியும். கேமரா அதைப் பார்த்து 'பேட்டரி தீர்ந்தது' என்று அணைந்துவிடும். அணைத்து மறுபடி போட்டால் 30 சதவீதம் என்று காட்டும். வீடியோ ஓடும்போது இப்படி நின்றால் கோப்பு முடிக்கப்படாமல் போய், அந்தத் துண்டு திறக்காமலே போகலாம். ஒரிஜினலும் பழசானால் இப்படித்தான் செய்யும். மட்டமான செல் அதைப் புதிதாக இருக்கும்போதே செய்கிறது.

சிப் சரியாகப் பேசாவிட்டால் மீதி அளவு தப்பாக வரும். லித்தியம் செல்லின் வோல்ட், நடுப்பகுதியில் மெதுவாக இறங்கிக் கடைசியில் செங்குத்தாக விழும். அதனால் வோல்ட்டை மட்டும் வைத்து ஊகிக்கிற பேட்டரி, வெகுநேரம் 100 என்று காட்டிவிட்டு, 40-லிருந்து நேராக அணைந்துவிடும். கேனனின் பல கேமராக்கள் 'இந்த பேட்டரியில் கேனன் சின்னம் இருக்கிறதா' என்று கேட்கும். சில கேமராக்கள் ஏற்கவே மறுக்கும். 2009-ல் பானாசோனிக் சில மாடல்களுக்கு ஃபர்ம்வேர் (கேமராவுக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட் கொடுத்து, வேறு நிறுவன பேட்டரிகளை வேலை செய்யாமல் செய்தது. ஆகவே புதிய அப்டேட் போடும் முன் கையில் ஒரு ஒரிஜினலாவது இருப்பது அவசியம். அப்டேட்டையும் முழு சார்ஜ் உள்ள ஒரிஜினலைப் போட்டே செய்யுங்கள். பாதியில் அணைந்தால் கேமரா சர்வீஸ் சென்டருக்குத்தான் போகும்.

வாங்கும்போது

பேட்டரியின் மேல் எழுதியிருப்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். வோல்ட்டை ஆம்பியர்-ஹவரால் பெருக்கினால் வாட்-ஹவர், அதாவது பேட்டரியில் அடங்கும் மொத்த ஆற்றல், வரவேண்டும். என்பி-எஃப்இசட்100-ல் 7.2 வோல்ட், 2280 எம்ஏஎச் (அதாவது 2.28 ஆம்பியர்-ஹவர்), பெருக்கினால் 16.4. நிக்கான் இஎன்-இஎல்15சி 7.0 வோல்ட், 2280 எம்ஏஎச், ஏறத்தாழ 16. மாற்று பேட்டரியில் இந்தக் கணக்கே இடித்தால் மற்றதையும் நம்ப வேண்டாம். சோனி என்பி-எஃப்டபிள்யூ50 ஒரிஜினலே 1020 எம்ஏஎச்தான். அதே கூட்டுக்குள் 1500, 2000 என்று யாராவது எழுதியிருந்தால் அது விளம்பரம்.

மாடலின் கடைசி எழுத்தைக் கவனியுங்கள். கேனனில் எல்பி-இ6, இ6என், இ6என்எச், இ6பி எல்லாம் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஆர் வரிசைக் கேமராவில் யுஎஸ்பி வழியாக சார்ஜ் ஏற்ற வேண்டுமானால் பழைய இ6 உதவாது. ஆர்5 மார்க் 2-வில் இ6பி போடாவிட்டால் சில வசதிகள் முடங்கும். நிக்கானில் இஎன்-இஎல்15, 15ஏ இரண்டும் இசட்6, இசட்7-க்குள் பொருந்தும், வேலை செய்யும். ஆனால் கேமராவுக்குள் வைத்து சார்ஜ் ஏறாது. அதற்கு 15பி அல்லது 15சி வேண்டும். மாற்று பேட்டரி விற்பவர் '15-க்குப் பொருந்தும்' என்று மட்டும் சொன்னால், எந்த எழுத்து என்று கேட்டுவிடுங்கள்.

பெனின்சுலா பிளாசா பக்கமுள்ள கேமரா கடைகளிலோ சிம் லிம் ஸ்குவேரிலோ நேரில் வாங்கினால், கேமராவைக் கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். சிரமமில்லாமல் உள்ளே போக வேண்டும். பூட்டைத் தள்ளினால் ஸ்பிரிங் தானாக வெளியே தள்ள வேண்டும். புதிதிலேயே இறுக்கமாக இருக்கும் பேட்டரி, நம் ஊர்ச் சூட்டில் கொஞ்சம் உப்பினாலும் மாட்டிக்கொள்ளும்.

உள்ளூர்க் கடையில் வாங்குவதில் இன்னொரு லாபம் உண்டு. 2012 செப்டம்பரிலிருந்து இங்குள்ள 'லெமன் லா' (குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் சட்டம்) படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், விற்கும்போதே அந்தக் குறை இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் பொறுப்பு. ரசீதை வைத்திருங்கள். வெளிநாட்டு விற்பனையாளரிடம் ஆன்லைனில் வாங்கியதற்கு இதை நடைமுறையில் சாதிப்பது கஷ்டம்.

நிறுவனம் தயாரிப்பதை நிறுத்திவிட்ட பழைய கேமராவுக்கு மட்டும் என் கணக்கு தலைகீழ். அதற்குக் கிடைக்கும் 'புது ஒரிஜினல்' பல வருஷம் கிடங்கில் கிடந்ததாக இருக்கும். லித்தியம் செல் சும்மா கிடந்தாலும் வயதாகும். அங்கே புதிதாகத் தயாரான நல்ல மாற்று பேட்டரிதான் சரியான தேர்வு.

வீட்டில் சோதிக்கும் முறை

வாங்கிய வாரத்திலேயே இதைச் செய்யுங்கள். திருப்பிக் கொடுக்கும் காலம் முடிந்தபின் கண்டுபிடித்துப் பயனில்லை.

சமையலறைத் தராசில் ஒரிஜினலையும் மாற்றையும் நிறுத்துப் பாருங்கள். கொள்ளளவு ஒன்றே என்று சொல்லிவிட்டு எடை பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால் உள்ளே சின்ன செல் இருக்க வாய்ப்பு அதிகம்.

இரண்டையும் முழுதாக சார்ஜ் ஏற்றி, ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். கேமராவை மேசையில் வைத்து வைஃபை, புளூடூத் இரண்டையும் அணையுங்கள். திரை வெளிச்சத்தை நடுவில் வைத்து, தானாக அணையும் வசதியை நிறுத்தி, 1080-ல் வீடியோ ஓடவிடுங்கள். 4கே வேண்டாம், சூட்டால் கேமரா நின்றுவிட்டால் கணக்கு கெட்டுப்போகும். அரை மணியில் தானாக நிற்கும் பழைய மாடல் என்றால் உடனே மறுபடி அழுத்துங்கள். கேமரா அணையும்வரை எத்தனை நிமிடம் என்று குறியுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சதவீதத்தையும் எழுதுங்கள்.

மாற்று பேட்டரிக்கும் அதே அறை, அதே அமைப்பு. ஒரிஜினல் 110 நிமிடம், மாற்று 93 நிமிடம் என்றால் 85 சதவீதம், நல்ல பேட்டரி. 70-க்குக் கீழே போனால் திருப்பிக் கொடுங்கள். முதல் சுற்றில் சதவீதம் தாறுமாறாக இறங்கினால் இன்னொரு முறை முழுதாக ஏற்றி இறக்கிப் பாருங்கள். சில சிப்கள் அப்போதுதான் சரியாகும். ஒப்பிடும் ஒரிஜினலும் ரொம்பப் பழசாக இருக்கக் கூடாது, இல்லாவிட்டால் மட்டமானதும் நல்லதாகத் தெரியும்.

பிறகு பேட்டரி 30 சதவீதத்துக்கு வந்ததும் தொடர் படங்களை விடாமல் எடுங்கள். கேமரா அணையாமல் தாங்கினால் அந்த பேட்டரியை வேலைக்குக் கொண்டுபோகலாம்.

சார்ஜர்

பேட்டரியைப் பற்றி இவ்வளவு யோசிப்பவர்கள், கூடவே வந்த சார்ஜரைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறார்கள். எனக்கு அதிகக் கவலை அதில்தான். 8.4 வோல்ட்டில் சரியாக நிறுத்தாத சார்ஜர் எந்த நல்ல பேட்டரியையும் கெடுத்துவிடும். ஒரிஜினல் சார்ஜர் இருந்தால் மாற்று பேட்டரியையும் அதிலேயே ஏற்றுங்கள். கேனன் எல்சி-இ6 சார்ஜரில் ஆரஞ்சு விளக்கு, 50 சதவீதம்வரை வினாடிக்கு ஒருமுறையும் 75 வரை இரண்டு முறையும் அதற்குமேல் மூன்று முறையும் மின்னும், முடிந்தால் பச்சை. இந்த முறை மாறி வேகமாக மின்னிக்கொண்டே இருந்தால் சார்ஜர் அந்த பேட்டரியை ஏற்கவில்லை என்று அர்த்தம். எடுத்துவிடுங்கள்.

யுஎஸ்பி இரட்டை சார்ஜர் 'வேகமாக ஏற்றும்' என்றால் நம்பாமல் கணக்குப் போடுங்கள். 16.4 வாட்-ஹவர் பேட்டரி இரண்டு சேர்ந்து 33. அந்த சார்ஜர் 5 வோல்ட், 2 ஆம்பியர் எடுத்தால் 10 வாட். சூடாகப் போவது கழிந்து 8 வாட் உள்ளே போகும். நாலு மணி நேரம் ஆகும், கடைசிப் பகுதி மெதுவாக ஏறுவதால் இன்னும் கொஞ்சம். காலை ஆறு மணிக்குக் கோயிலில் இருக்க வேண்டுமென்றால் நள்ளிரவில் சொருகித் தூங்கப் போகிற எண்ணம் வரும். வேண்டாம். ஆளில்லாமலும் இரவு முழுக்கவும் சார்ஜ் ஏற்ற வேண்டாமென்று குடிமைத் தற்காப்புப் படை சொல்வது இதற்கும் பொருந்தும். மாலையிலேயே ஏற்றிவிடுங்கள். மெத்தை, சோபா மேல் வைக்காதீர்கள். சுவரில் சொருகும் அடாப்டரில் சிங்கப்பூரின் பாதுகாப்பு முத்திரையான சேஃப்டி மார்க் இருக்கிறதா என்று பாருங்கள்.

மாட்டிக்கொண்டால், உப்பினால்

பேட்டரி வெளியே வராவிட்டால் ஸ்குரூ டிரைவரை எடுக்காதீர்கள். செல் குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். கேமராவை அணைத்து, மூடியைத் திறந்தே வைத்து ஆறவிடுங்கள். பூட்டைத் தள்ளிப் பிடித்தபடி, கேமராவைக் கவிழ்த்து உள்ளங்கையில் மெல்லத் தட்டுங்கள். வராவிட்டால் நல்ல ஒட்டும் டேப்பைத் தெரியும் பக்கத்தில் அழுத்தி ஒட்டி நேராக இழுங்கள். அதற்கும் வராவிட்டால் சர்வீஸ் சென்டர்தான். அந்தப் பழுது வேறு பேட்டரியால் வந்தது என்றால் வாரண்டியில் செய்துதர மாட்டார்கள், தெரிந்துகொண்டு போங்கள்.

தட்டையான மேசையில் வைத்தால் ஆடுகிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். ஆடினால் உப்பியிருக்கிறது, மறுபடி சார்ஜ் போட வேண்டாம். நல்ல பேட்டரியைச் சும்மா வைப்பதானால் 50 சதவீதத்தில், கேமராவை ஈரப்பதமில்லாமல் வைக்கும் டிரை கேபினட்டிலேயே வைக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளவைப் பார்த்து ஏற்றுங்கள். வெயிலில் நிற்கும் காரில் ஒருபோதும் விடாதீர்கள். முனைகள் மங்கியிருந்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்துக் காயவிடுங்கள்.

சாங்கி வழியாகப் பறக்கும்போது உபரி பேட்டரிகள் கைப்பையில்தான் போக வேண்டும். ஒரிஜினலோ மாற்றோ ஒரே விதிதான். 100 வாட்-ஹவருக்குக் கீழ் இருப்பதால் தனி அனுமதி தேவையில்லை. முனைகள் ஒன்றோடொன்று உரசாமல் மூடியோ டேப்போ போடுங்கள். வாட்-ஹவர் அச்சடிக்காத மலிவு பேட்டரியை, சோதனையில் கேள்வி கேட்டால், விளக்குவது உங்கள் பாடு.

ஆயுள் முடிந்த பேட்டரியை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியின் குப்பைக் குழாயில் போடாதீர்கள். முனைகளில் டேப் ஒட்டி, பேட்டரிகளை ஏற்கும் மின்கழிவுத் தொட்டியில் போடுங்கள். 2021 ஜூலையில் தேசிய சுற்றுப்புற வாரியத்தின் திட்டம் தொடங்கியதிலிருந்து கடைத்தொகுதிகள், சமூக மன்றங்கள் பலவற்றில் அவை இருக்கின்றன. உப்பியதைத் தொட்டிக்குள் தள்ளாமல், ஆளிருக்கும் சேகரிப்பு இடத்தில் சொல்லிக் கொடுங்கள்.