செயலி கைகொடுக்காத ஆண்ட்ராய்டு போனில் கிம்பலைப் பயன்படுத்துவது எப்படி?

போனை ஆடாமல் பிடித்துப் படமெடுக்க உதவும் கைப்பிடிக் கருவிதான் கிம்பல். கிம்பல் செயலிகள் ஐபோனில் தரும் வசதிகள் எல்லாம் ஆண்ட்ராய்டில் கிடைப்பதில்லை. ஆண்ட்ராய்டில் போன் மாடல்கள் ஏராளம். கேமராவின் முழுத் திறனையும் வெளிச் செயலிகளுக்குத் திறந்துவிடாத தயாரிப்பாளர்களும் உண்டு. அதனால் செயலிக்குள் நுழைந்ததும் அல்ட்ரா-வைட் லென்ஸையோ நொடிக்கு 60 ஃபிரேம் பதிவையோ காணோம். இதற்காகக் காசு கொடுத்து வாங்கிய கருவியை மூலையில் போட்டுவிடாதீர்கள். காட்சி ஆடாமல் காப்பவை கருவியிலுள்ள உணரியும் மூன்று மோட்டார்களும்தான். அந்த வேலைக்குச் செயலி தேவையில்லை.

டிஜேஐ நிறுவனத்தின் ஆஸ்மோ மொபைல் 6 கிம்பலை எடுத்துக்கொள்வோம். முதன்முறை மட்டும் அந்நிறுவனத்தின் மிமோ செயலி வழியாக அதை ஆக்டிவேட் செய்தாக வேண்டும். பிளே ஸ்டோரில் மிமோ கிடைக்காவிட்டால் நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலிருந்தே ஏபிகே கோப்பை (செயலியை நேரடியாக நிறுவும் கோப்பு) இறக்குங்கள். வேறு தளங்களை நாடவே வேண்டாம். நிறுவுவதற்காகப் பிரவுசருக்குக் கொடுத்த அனுமதியைப் பிறகு மறக்காமல் நீக்கிவிடுங்கள். ப்ளூடூத்தில் கருவி தென்படவில்லையா? ஆண்ட்ராய்டு 12 முதல் ‘அருகிலுள்ள சாதனங்கள்’ அனுமதியையும், பழைய பதிப்புகளில் இருப்பிட அனுமதியையும் பாருங்கள். உங்கள் போனில் செயலி ஓடவே மறுத்தால், வீட்டில் வேறொருவரின் போனில் இந்த ஒரு வேலையை முடித்துக்கொள்ளலாம்.

அடுத்து, உறையைக் கழற்றிவிட்டுப் போனைக் கிளாம்பில் (போனைப் பிடிக்கும் கவ்வி) பொருத்துங்கள். இந்தக் கருவி 170 முதல் 290 கிராம் வரையுள்ள போன்களைத் தாங்கும். கிளாம்பில் உள்ள கேமரா அடையாளம் போனின் கேமராப் பக்கம் இருக்கட்டும். போன் ஒரு பக்கம் சாய்ந்தால் கிளாம்பைச் சற்று நகர்த்துங்கள்.

இப்போது போனின் சொந்தக் கேமராவைத் திறந்துகொள்ளுங்கள். என்னைக் கேட்டால், ஆண்ட்ராய்டில் இதுவே சிறந்த வழி. எல்லா லென்ஸ்களும் கைக்குள் வந்துவிடும். கிம்பலைப் போனின் ப்ளூடூத் அமைப்பில் இணையுங்கள். பல கிம்பல்களின் பதிவுப் பொத்தானை, ஒலியைக் கூட்டும் பொத்தானாகவே போன் எடுத்துக்கொள்கிறது. அழுத்தினால் பதிவு தொடங்காமல் ஜூம் ஆகிறதா? கேமரா அமைப்புகளில் ஒலிப் பொத்தானின் பணியை ‘ஷட்டர்’ என மாற்றுங்கள். அந்த வசதி இல்லாத போனுக்கு இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன் கேமரா செயலி போதும். அதில் இந்தத் தேர்வு உண்டு.

காட்சி ஆட்டத்தைக் குறைக்கும் போனின் ‘சூப்பர் ஸ்டெடி’ போன்ற வசதிகளை அணைத்துவிடுங்கள். அதுவும் கிம்பலும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டினால், திரும்பும் இடங்களில் காட்சி வெட்டி வெட்டி நகரும்.

கிம்பலின் கைப்பிடியிலுள்ள ட்ரிகர் பொத்தானை அழுத்திப் பிடித்தால் போன் ஒரே திசையை நோக்கி நிற்கும். இருமுறை தட்டினால் நடுநிலைக்குத் திரும்பும். நடக்கும்போது முழங்காலை லேசாக மடக்கி, குதிகாலை முதலில் ஊன்றி நடங்கள். சாய்வையும் திருப்பத்தையும்தான் கிம்பல் சரிசெய்யும். உடல் மேலும் கீழும் குலுங்குவதை நீங்கள்தான் அடக்க வேண்டும்.

செயலி இல்லாமல் இந்த மாடலில் இழப்பது, ஆளைத் தானாகப் பின்தொடரும் வசதி. அதற்குப் பதிலாகக் கிம்பலின் ஜாய்ஸ்டிக்கை மெதுவாகத் தள்ளி ஆளைச் சட்டகத்துக்குள் வைத்திருங்கள். வேகமாக ஓடும் குழந்தையைப் படமெடுக்கச் சற்றுத் தள்ளி நின்றுகொண்டால் திரும்ப வேண்டிய கோணம் குறையும், கையாள்வதும் எளிது.