‘நிழல் மட்டும், ஆள் கூடாது’: மாதத் தலைப்புக்குப் படம் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் எங்கள் புகைப்படக் குழுவுக்கு ஏப்ரல் மாதத் தலைப்பு இது. வந்த படங்களைப் பார்த்தால், கேமரா வாங்கிய புதிதில் நாங்கள் எல்லோரும் செய்த அதே கோளாறுகள் வரிசைகட்டி நிற்கின்றன. ஃபோகஸ் விட்டது, அடிவானம் சாய்ந்தது எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும், அதை விடுங்கள்.

‘அப்புறம் வெட்டிக்கலாம்’

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். ஆளையும் நிழலையும் சேர்த்து எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து ஆளை மட்டும் க்ராப் செய்து தள்ளிவிடுகிறார்கள். மயிலாப்பூர் மாட வீதியில் ஒரு தம்பி, சைக்கிளில் பிளாஸ்டிக் குடங்களைக் கட்டிக்கொண்டு போகும் வியாபாரியை எடுத்திருந்தார். காலை வெயில், வெள்ளையடித்த சுவர், அதில் குலைகுலையாகக் குடங்களின் நிழல். அப்படியொன்று மறுபடி அமைவது கஷ்டம். ஆனால் தம்பியின் கண் முழுக்க வியாபாரி மேல், ஃபோகஸும் வியாபாரியின் முகத்தில். ஆளை வெட்டியதும் நிழலின் பின்சக்கரம் பாதியோடு போய்விட்டது, சுவரும் கலங்கலாக இருக்கிறது. கேட்டால், “க்ராப் பண்ணா சரியாயிடும்னு நினைச்சேண்ணா” என்கிறார்.

ஆகாது தம்பி. 24 மெகாபிக்சல் படத்தில் அகலத்தில் பாதி, உயரத்தில் பாதி வெட்டினால் மிஞ்சுவது 6 மெகாபிக்சல்தான். 12க்கு 18 அங்குலத்தில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சுப் போட 19 மெகாபிக்சலுக்கு மேல் வேண்டும். பிக்சல் கணக்கைக்கூட மன்னித்துவிடலாம். நிழல்தான் வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்திருந்தால் இரண்டடி தள்ளி நின்று, சுவரில் ஃபோகஸைப் பூட்டிவைத்து, ஆள் சட்டகத்துக்கு வெளியிலும் நிழல் உள்ளேயும் வரும் அந்த நொடிக்காகக் காத்திருப்பாரே, அதுதான் என் ஆதங்கம். புகைப்படக் கலைஞர் ஜார்ஜ் ஸ்டெயின்மெட்ஸ் பாலைவனத்தில் வானிலிருந்து எடுத்த ஒட்டகப் படத்தைத் தேடிப் பாருங்கள். நிஜ ஒட்டகங்கள் மெல்லிய கீற்றுகளாகத்தான் தெரியும், மணலில் நீண்டு கிடக்கும் நிழல்கள்தான் ஒட்டகங்களாக நடக்கும். உருவம் சட்டகத்துக்குள்ளேயே இருந்தாலும் அதை நான் இந்தத் தலைப்புக்கு ஏற்றுக்கொள்வேன், ஏனென்றால் எங்கிருந்து எடுப்பது என்பதை அங்கே நிழல் தீர்மானித்திருக்கிறது.

உச்சி வெயிலில் கிளம்புவது

சென்னையில் ஏப்ரல் 24 வாக்கில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். நட்டுவைத்த கம்பத்துக்கே நிழல் இருக்காது. அந்த வாரங்களில் காலை 9 மணிக்கு ஆள் உயரத்துக்கு நிழல் விழும். இரண்டு மடங்கு நீளம் வேண்டுமென்றால் ஏழே முக்காலுக்குள் போங்கள், இல்லாவிட்டால் மாலை நாலரை வரை பொறுங்கள்.

போனை அதன் இஷ்டத்துக்கு விடுவது

போன் கேமராவில் உள்ள எச்டிஆர் என்ற வசதி இருட்டான இடத்தையெல்லாம் வெளிச்சமாக்கும். அதன் வேலையே அது. நமக்கோ நிழல் சாம்பல் பூத்துப்போகும். அதை அணைத்துவிட்டு, வெயில் விழும் இடத்தைத் தொட்டு எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, கொஞ்சம் கீழே இழுங்கள்.

சொந்த நிழல்

வேண்டாம். மெரினா மணலில் கேமராவோடு விழுந்த நிழல் எல்லோரிடமும் இருக்கிறது.

படத்தின் பெயரை வைத்துச் சமாளிப்பது

மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் பாட்டியை எடுத்து, கீழே ‘தனிமையின் நிழல்’ என்று எழுதி அனுப்புகிறார்கள். பாட்டி நன்றாகத்தான் வந்திருக்கிறார், ஆனால் நிழல் எங்கே? பெயரை மறைத்துவிட்டு வீட்டில் யாரிடமாவது காட்டுங்கள். இந்த மாதத் தலைப்பு என்னவென்று அவரால் ஊகிக்க முடியவில்லை என்றால், பாட்டி படத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு வேறொன்றை எடுத்து அனுப்புங்கள்.